இஎம்ஐயில் வாங்கும் பட்டம்

"சார், உங்களுக்கு ஸ்காலர்ஷிப் அப்ரூவ் ஆயிடுச்சு. இன்னைக்கு நைட் பன்னெண்டு மணி வரைக்கும்தான் இந்த ஃபீஸ். 4,999 ரூபாய் மட்டும் கட்டி சீட்டை பிளாக் பண்ணிக்கோங்க, மீதியை இஎம்ஐல பார்த்துக்கலாம்."

சென்னையின் மேற்கே முகப்பேர், நொளம்பூர், ஜெ.ஜெ. நகர், அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலருக்கும் பழகிப்போன அழைப்பு இது. ஏதோ ஓர் இணையதளத்தில் 'டேட்டா சயின்ஸ்' என்றோ 'ஆன்லைன் எம்பிஏ' என்றோ தேடியிருப்பார்கள். கைபேசி எண்ணைக் கொடுத்தால்தான் பாடத்திட்டம் திறக்கும் என்றிருக்கும், கொடுத்திருப்பார்கள். சற்று நேரத்தில் அழைப்பு வந்துவிடும். பேசுகிறவர் தன்னை ஆலோசகர் என்பார். அவர் பார்ப்பது விற்பனை வேலை. மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கின் கீழ் அவரும் அவதிப்படுகிறவர்தான். அவரைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அழைப்பின் மறுமுனையில் இருக்கும் இளைஞரை அந்த இரவுக்குள் எடுக்கச் சொல்லும் முடிவு அவருடைய குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தைத் தொடுகிறது. அந்தக் கணக்கை அவரோடு சேர்ந்து போட்டுப் பார்க்க இங்கே யாரும் இல்லை.

மேற்குச் சென்னையில் இந்த வியாபாரம் சூடுபிடிப்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பகுதியின் பேருந்து நிறுத்தங்களுக்கே தொழிற்சாலைகளின் பெயர்கள்தான்: டன்லப், பிரிட்டானியா, லூகாஸ், வாவின். டன்லப் ஆலை மூடப்பட்டுவிட்டது. நிறுத்தத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள். பாடியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள். ஆவடியில் டேங்க் ஃபேக்டரி. தொழிற்பேட்டைக்குள்ளேயே கண்ணாடிச் சுவர்களோடு ஐடி வளாகங்கள். லேத் பட்டறையும் மென்பொருள் அலுவலகமும் ஒரே சாலையில் எதிரெதிரே நிற்கும் ஊர் இது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் டிப்ளமோ படித்த பையன் எதிர் வளாகத்திலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வெளியே வருகிறவனைத் தினமும் பார்க்கிறான். அந்தச் சாலையைக் கடக்க ஒரு பட்டம் போதும் என்று யாராவது சொன்னால் அவன் நம்பத்தான் செய்வான். நம்புவதில் தவறும் இல்லை. இந்த மாநிலத்தில் பல லட்சம் குடும்பங்கள் அப்படித்தான் மேலே வந்தன. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பட்டம் என்பதை இங்கே ஆடம்பரமாக யாரும் பார்ப்பதில்லை. அதுதான் ஏணி.

அந்த ஏணிக்கு இப்போது என்ன விலை? மாதம் 25,000 ரூபாய் கையில் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனியார் கல்வி நிறுவனம் ஒன்று ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புக்கு ஒன்றரை லட்ச ரூபாய் கேட்கிறது. பல்கலைக்கழகம் தானே நடத்தும் பட்டப்படிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது; நிறுவனம் விற்கும் சான்றிதழ்ப் படிப்புக்கு 18 சதவீதம் உண்டு. அதாவது இன்னும் 27,000. மொத்தம் 1,77,000. வட்டியில்லாத் தவணை என்றே வைத்துக்கொண்டாலும் 24 மாதத்துக்கு மாதம் 7,375 ரூபாய். சம்பளத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம்.

நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாரம் 10 மணி நேரம் படித்தால் ஆண்டுக்கு 520 மணி. அதில் 200 மணி நேரமாவது ஓவர்டைம் பார்த்திருக்கக்கூடிய நேரம் என்றால், 26 நாள், எட்டு மணி நேர வேலைக் கணக்கில் மணிக்கு 120 ரூபாய், ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக 240. ஆக 48,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது. இரண்டையும் கூட்டினால் 2,25,000. சரியாக ஒன்பது மாதச் சம்பளம். மூன்று ஆண்டுக்குள் இந்தப் பணம் திரும்பி வர வேண்டுமானால் படிப்பு முடிந்த மறுமாதமே சம்பளம் 6,250 ரூபாய் கூட வேண்டும். கால் பங்கு உயர்வு. இந்தச் சான்றிதழைப் பார்த்து அந்த உயர்வைத் தரப்போகிறவர் யார் என்ற கேள்விக்குப் பெயரோடு ஒரு பதில் இருந்தால் சேரலாம். 'யாராவது தருவார்கள்' என்பதுதான் பதில் என்றால் அந்த இரவு பணம் கட்டக் கூடாது.

என் வாதம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. இணையவழியில் பெற்ற பட்டமானாலும் சான்றிதழானாலும் அதன் மதிப்பை அதைக் கேட்கிறவர்தான் முடிவு செய்கிறார். தொழிற்கூட முதலாளி கேட்பது ஒன்று, ஐடி நிறுவனத்தின் மனிதவளத் துறை கேட்பது வேறு, தேர்வாணையம் கேட்பது இன்னும் வேறு. விற்கிறவர் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து 'கரியர் வளர்ச்சி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்.

இதைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு முறை அனுபவித்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1979இல் அண்ணாமலை, 1981இல் சென்னைப் பல்கலைக்கழகம், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று வரிசையாக வந்தன. 'கரஸ்ல படிச்சேன்' என்று சற்றே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய சாதனை இருக்கிறது. பகலில் எழுத்தராக வேலை பார்த்து இரவில் பி.காம். படித்தவர்கள், இரண்டாம் குழந்தைக்குப் பிறகு எம்.ஏ. முடித்து ஆசிரியை ஆனவர்கள், அடிமட்ட ஊழியராகச் சேர்ந்து அலுவலராக ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் அந்தப் பழுப்பு உறைகளில் வந்த பாடப்புத்தகங்களால் உருவானவர்கள். வீட்டுவசதி வாரியத்தின் மனைகளிலும் அடுக்ககங்களிலும் வளர்ந்த முகப்பேரின் முதல் தலைமுறையில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அன்றைக்குக் கட்டணமும் குறைவு. முக்கியமாக, அந்தப் பட்டத்தைக் கேட்டவர் யார் என்பது தெளிவாக இருந்தது: அரசும் வங்கியும் பொதுத்துறையும். 'ஏதாவது ஒரு பட்டம்' என்று அறிவிப்பில் இருக்கும். ஏதாவது ஒரு பட்டம் கையில் இருக்கும்.

அந்த ஏற்பாடு விரிசல் விட்ட இடங்களை நினைவில் வைத்திருப்பது நல்லது. பள்ளிப் படிப்பையோ இளநிலைப் பட்டத்தையோ முடிக்காதவர்களும் வயதை மட்டும் வைத்து நேரடியாக முதுநிலைப் பட்டம் பெற ஒரு காலத்தில் வழி இருந்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை முறையில் பெற்ற எம்.ஏ. செல்லுமா என்ற கேள்வி, தரமணித் திரைப்பட நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான ஒரு வழக்கில் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. செல்லாது என்று 2009இல் தீர்ப்பு வந்தது. அதன்பின் தமிழக அரசும் அப்படிப்பட்ட முதுநிலைப் பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று ஆணையிட்டது. பத்து, பன்னிரண்டு, பிறகு மூன்றாண்டு இளநிலை என்ற வரிசை தப்பியவர்கள் எத்தனை முதுநிலைப் பட்டம் வைத்திருந்தும் பயன்படவில்லை. பணம் கட்டியது உண்மை. தேர்வு எழுதியது உண்மை. பட்டம் கொடுத்தது ஒரு அரசு சார்ந்த பல்கலைக்கழகம். ஆனாலும் கேட்க வேண்டியவர் வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்தது இன்னும் கொடியது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதி இல்லாமல் தொலைதூர முறையில் பொறியியல் பட்டம் வழங்கியது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3 அன்று தீர்ப்பளித்தது. நான்கில் ஒன்று சேலத்தைச் சேர்ந்த விநாயகா மிஷன்ஸ். 2001–2005 காலத்தில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் அவை மீண்டும் உயிர்பெறும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் அடியோடு ரத்து. கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். 2018இல் தேர்வு நடந்தபோது அதை எழுத வேண்டியிருந்தவர்கள் நாற்பது வயதை நெருங்கியவர்கள், கடந்தவர்கள். அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு பெற்று, வீட்டுக் கடன் வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பக் காத்திருந்தவர்கள். டிப்ளமோ முடித்துவிட்டுப் பி.இ. என்ற இரண்டெழுத்துக்காக ஏங்கும் தொழிலாளி வட்டாரம் முழுவதற்கும் அந்தத் தீர்ப்பு ஒரு பாடம். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பத்தாண்டுகளை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்றைய விதிகள் அன்றைக்கு இருந்ததைவிடத் தெளிவானவை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020 செப்டம்பரில் தொலைதூர, இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறையை வெளியிட்டது. அதன்படி முறையான அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தரும் இணையவழிப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம். 2022இல் யுஜிசி இதைத் திரும்பவும் உறுதிப்படுத்தியது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை போன்றவற்றை இந்த முறையில் நடத்தவே கூடாது. 2025இல் உளவியல், நுண்ணுயிரியல், உணவு–ஊட்டச்சத்து அறிவியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவையும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. வீட்டிலிருந்தே உளவியல் படித்து ஆலோசகராகலாம் என்று எண்ணியிருந்த எத்தனையோ பெண்களுக்கு அது பெரிய அடி. தனியார் கல்வி நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டப்படிப்பைக் கிளை உரிமையாக (ஃபிரான்சைஸ்) நடத்தக் கொடுக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் எச்சரிக்கை வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விற்கப்படும் இணையவழி பிஎச்.டி. செல்லாது என்று அதே ஆண்டு அக்டோபரில் யுஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து சொல்லின. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்த ஆண்டில் எந்தப் படிப்புக்கு அனுமதி என்பது யுஜிசியின் தொலைநிலைக் கல்வி அமைப்பின் தளத்தில் இருக்கிறது. விற்பனையாளரின் துண்டுப் பிரசுரத்தை வைத்துவிட்டு அந்தப் பட்டியலைப் பார்ப்பது பத்து நிமிட வேலை. படிப்பின் பெயர், ஆண்டு, முறை மூன்றும் அங்கே இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

சமம் என்று யுஜிசி சொன்னது அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவும். தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. முதல் வேலைக்கு ஆளெடுக்கும் பெரிய ஐடி நிறுவனங்கள் பலவற்றின் தகுதிப் பட்டியலில் 'முழுநேரப் படிப்பு மட்டும்' என்ற வரி இன்னும் இருக்கிறது. அரசு வேலையிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பட்டத்தின் பெயர் அறிவிப்பில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் அது இதற்குச் சமம் என்று அரசாணை காட்ட வேண்டும். புதுப் புதுப் பெயர்களில் வரும் இணையவழிப் பட்டங்களுக்கு இது ஒரு பொறி.

அரசே தன் கேள்வியை மாற்றிக்கொண்டதும் உண்டு. கூடுதல் பட்டம் பெற்ற அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்த காலத்தில் அதற்காகவே எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். என்று சேர்ந்தவர்கள் பல்லாயிரம். 2020 மார்ச்சில் ஓர் அரசாணை அந்த உயர்வை நிறுத்தியது. எம்.ஃபில். என்ற பட்டமே 2022இல் வந்த யுஜிசி விதிகளோடு முடிந்துபோனது. படித்த பாடத்தில் ஒரு எழுத்தும் குறையவில்லை. பட்டத்தின் பண மதிப்பு மட்டும் ஒரே நாளில் காணாமல் போனது.

தொழிற்பேட்டைக்குள் கதையே வேறு. ஒரு சிறு தொழிற்கூடத்தில் விஎம்சி என்ற கணினிவழி இயந்திரத்தின் ஆபரேட்டர் வேலைக்குப் போகிறவரிடம் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன் இயந்திரத்தைக் காட்டிவிடுவார்கள். டிராயிங்கைக் கையில் கொடுத்து, "இந்த ஜாபை செட் பண்ணு" என்பார்கள். டூல் ஆஃப்செட் சரியாகக் கொடுத்து, முதல் பீஸ் அளவுக்குள் வந்தால் வேலை. ஆபரேட்டரிலிருந்து செட்டர், செட்டரிலிருந்து புரோகிராமர் என்று ஒவ்வொரு படிக்கும் சம்பளம் ஏறும். அந்தப் படிகளில் எதிலும் ஒன்றரை லட்ச ரூபாய்ச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. இங்கே நன்றாகச் செல்லுபடியாகும் தாள்கள் இரண்டு: ஐடிஐ சான்றிதழும் தொழிற்பழகுநர் சான்றிதழும். 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி கற்கிறவருக்கு நிறுவனம் உதவித்தொகை தருகிறது. ஒரு பக்கம் கற்பதற்குப் பணம் தருகிறார்கள், இன்னொரு பக்கம் கற்பதற்குச் சம்பளத்தில் முப்பது சதவீதம் வாங்குகிறார்கள். முதலாவதுக்கு விளம்பரம் கிடையாது, இரவு பன்னிரண்டு மணிக் கெடு கிடையாது. அதனால்தான் அது பலர் கண்ணில் படுவதே இல்லை.

அப்படியானால் இணையத்தில் படிப்பதே வீணா? நிச்சயமாக இல்லை. நம் ஊரிலேயே, கிண்டிக்குப் பக்கத்திலேயே, இந்தத் துறையில் நாட்டுக்கே முன்மாதிரியான இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் ஒன்று. அதை ஒருங்கிணைப்பது சென்னை ஐஐடி. பாடம் முழுவதும் இலவசம். வாராவாரம் பயிற்சி எழுதி, பிறகு 1,000 ரூபாய் கட்டி, அடையாள அட்டையோடு தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதினால் சான்றிதழ். இன்னொன்று சென்னை ஐஐடி 2020இல் அறிவித்து 2021 ஜனவரியில் வகுப்பு தொடங்கிய தரவு அறிவியல் பட்டம். ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். முழுப் பட்டத்துக்குச் சில லட்ச ரூபாய் ஆகும் என்றாலும் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் முக்கால் பங்கு வரை கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோவும் தகுதியுள்ளவர்களுக்கு இந்தப் படிப்புக்கு உதவுகிறது. விரிவுரை வீட்டில்; தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய். அடித்தளக் கட்டத்திலேயே புள்ளியியலும் கணிதமும் பலரை நிறுத்திவிடும். கடினமான படிப்பு.

இந்த இரண்டையும் அந்த இரவுநேர அழைப்பில் விற்கப்படும் சான்றிதழ்களோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். ஒரு பாடத்துக்கான கட்டணம் குறைந்த இடத்தில் தேர்வு கடினமாக இருக்கிறது. கட்டணம் உயர உயரத் தேர்வு இளகுகிறது; பல இடங்களில் தேர்வு என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, வீட்டிலிருந்தே நாலு விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். பாடம் இன்று எங்கும் கிடைக்கிறது. பாடத்துக்காக லட்சங்களைக் கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. எளிதாக முடித்துவிடலாம் என்ற உறுதிக்குத்தான் அங்கே விலை. ஆனால் எளிதாக முடிக்கக்கூடியது என்பது வேலைக்கு எடுக்கிறவருக்கும் தெரிந்தே இருக்கிறது. அவர் அதை ஒரு தகுதியாக எண்ணாமல் போவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து, தோற்கும் வாய்ப்போடு எழுதிய தேர்வுதான் ஒரு தாளுக்கு மதிப்பைத் தருகிறது. இணையம் இதை மாற்றிவிடவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பணம் கட்டாதவர்கள் பெரும்பாலும் முடிப்பதில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸ் தளத்தில் நடத்திய இலவசப் பாடங்களைப் பற்றி ஜஸ்டின் ரைக், ஹோசே ரூய்பெரெஸ்–வாலியென்டே இருவரும் 2019இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம் மட்டுமே. சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள். ஏற்கெனவே உறுதியோடு வந்தவர்கள்தான் பணம் கட்டியிருப்பார்கள் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆனாலும் கையிலிருந்து கொஞ்சம் பணம் போனால் படிப்பு எளிதில் நிற்காது என்பது மனித இயல்பு. வாராவாரம் 'பயிற்சியை அனுப்பினீர்களா' என்று கேட்க ஓர் ஆள், கூடப் படிக்க நாலு பேர், தேர்வுத் தேதி என்று ஒரு கெடு ஆகியவற்றுக்கு விலை உண்டு. அந்த விலை 1,000 ரூபாயாக இருக்கலாம், பாடத்துக்குச் சில ஆயிரங்களாகவும் இருக்கலாம். ஒன்பது மாதச் சம்பளமாக இருக்கக் கூடாது.

கடன் என்பது இதில் மிக மோசமான கண்ணி. மாணவர் சேரும்போதே நிதி நிறுவனம் ஒன்று கட்டணத்தைக் கல்வி நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. மாணவர் கடன்பட்டிருப்பது நிதி நிறுவனத்திடம். வகுப்பு பிடிக்கவில்லை, ஷிஃப்ட் மாறிவிட்டது, சொன்ன வேலைவாய்ப்பு வரவில்லை என்று படிப்பை விட்டாலும் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும். நாளை இருசக்கர வாகனக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் கதவு மூடும். கல்வி நிறுவனமே தடுமாறினாலும் கடன் தடுமாறாது. 2024 ஜூலை மாதத்தில் மட்டும், எடெக்ஸை 80 கோடி டாலருக்கு வாங்கிய அமெரிக்காவின் 2யு நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இங்கே இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. இவ்வளவு பெரிய நிறுவனங்களே அப்படி என்றால், இரண்டு அறை எடுத்து நடத்தும் சிறு பயிற்சி நிலையத்தை நம்பி இரண்டாண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020–21 கணக்கெடுப்பில் நாட்டில் தொலைதூரக் கல்வியில் இருந்த 45.7 லட்சம் பேரில் 20.9 லட்சம் பேர் பெண்கள். முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள அடுக்ககங்களில், குழந்தை பிறந்தபின் ஐடி வேலையை விட்ட பெண்கள் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வேலை தேடும்போது, இடையில் ஏதாவது படித்ததாகக் காட்ட வேண்டும் என்ற அச்சத்தில்தான் அவர்களில் பலர் பெரிய தொகை கட்டுகிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே பட்டம் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. விடுபட்டிருப்பது புதிய கருவிகளில் கொஞ்சம் பயிற்சியும் அவர்களை நேர்காணலுக்கு அழைக்கும் ஒரு நிறுவனமும். இரண்டாவது எம்பிஏ அந்த அழைப்பை வாங்கித் தராது. அனுபவமுள்ள பெண்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கும் திட்டங்கள் பல நிறுவனங்களில் இருக்கின்றன. அம்பத்தூர் வளாகங்களில் உள்ளவை அதை வெளிப்படையாக அறிவித்து, என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டாலே போதும். அதற்குரிய பாடங்கள் என்பிடெல்லில் இருக்கின்றன.

அரசு செய்யக்கூடியவை இருக்கின்றன. செய்யக் கடினமானவையும் இல்லை. டிஜிட்டல் கடன் வாங்கியவர் குறுகிய அவகாசத்துக்குள் அபராதமின்றி விலகலாம் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்தது. கைபேசிக் கடனுக்குச் சில நாள் போதும். படிப்பு எப்படிப்பட்டது என்பது வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். கல்விக் கட்டணத்துக்கான கடனில் அந்த அவகாசம் வகுப்பு தொடங்கியதிலிருந்து ஒரு மாதமாவது இருக்க வேண்டும். படிப்பு நின்றால் மீதித் தொகையைக் கல்வி நிறுவனமே நிதி நிறுவனத்துக்குத் திருப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கட்டாயமாக்க வேண்டும். விளம்பரத்தில் 'சராசரி சம்பள உயர்வு' போடும் நிறுவனம், சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை மாறியவர்கள் எத்தனை பேர் என்று அதே அளவு எழுத்தில் போட வேண்டும். இந்த மூன்று எண்களையும் தர மறுக்கும் இடத்தில் சேராமல் இருப்பது இப்போதைக்கு நம் கையில் இருக்கிறது.

டிப்ளமோகாரர்களின் பி.இ. ஆசைக்கு இணையம் விடை தராது. சட்டமே அதைத் தடுக்கிறது. கோவை, சேலம், காரைக்குடி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கான பகுதிநேரப் பி.இ. நீண்டகாலமாக நடக்கிறது. பணியில் இருப்போருக்கென நேரத்தை மாற்றி வகுப்பு நடத்தவும் 2023–24 முதல் ஏஐசிடிஇ அனுமதி தருகிறது. ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு சுற்றுவட்டாரத்தில் மாணவர் சேர்க்கை குறைந்து இடங்கள் காலியாகக் கிடக்கும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ற மாலை வகுப்பை அவை தொடங்கினால், அரசு கட்டணத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்தால், பாடியிலும் அம்பத்தூரிலும் வேலை பார்க்கிறவர்கள் செல்லாத தாளுக்காக ஏமாற வேண்டியதில்லை. அம்பத்தூர் அரசு ஐடிஐயின் பட்டறைகளை மாலையில் திறந்து, என்பிடெல் பாடத்தைக் கைபேசியில் பார்க்கிறவர் இயந்திரத்தில் கைவைத்துப் பழகவும், முடிவில் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கத்தின் உறுப்பினர்களே வந்து சோதித்துக் கையெழுத்திடவும் ஏற்பாடு செய்யலாம். கட்டடம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, பாடம் இலவசமாக இருக்கிறது, ஆள் கேட்கிற முதலாளியும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். தொழிலாளர் துறையும் உயர்கல்வித் துறையும் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் வரும் ஜூன் மாதத்துக்குள் முதல் அணியைச் சேர்த்துவிடலாம்.